பிக்கப் வண்டியை எவ்வளவு உயர்த்தலாம்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். 2023 டிசம்பரில் நம் நெல்லைப் பக்கம் வந்த வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பட்டறைக்கு வரும் பிக்கப் வண்டிக்காரர்களில் பலர், வந்ததும் வராததுமாக, "அண்ணாச்சி, வண்டிய ஒரு நாலு இஞ்ச் தூக்கி விட்டுருங்க" என்கிறார்கள். இதுவரை வண்டியின் எந்த இடம் தரையில் தட்டியது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை.

பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் பிக்கப்பில் பெரும்பாலும் தரைக்கு மிக அருகே இருப்பது, பின் அச்சின் நடுவில் குடம்போல் தொங்கும் டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரப் பெட்டிதான். அச்சு நேரடியாகச் சக்கரங்களோடு பிணைந்திருப்பதால், வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங்கான கமான் பட்டைக்கும் அச்சுக்கும் இடையே எத்தனை அங்குலக் கட்டை வைத்தாலும் அடிச்சட்டமான சாஸியும் பாடியும் மேலே போகுமே தவிர, அந்தக் குடம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர்தான் வேண்டும். அதிலும் டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் அச்சு 1 அங்குலமே உயரும். ஆகவே, வயற்காட்டு வண்டித்தடத்தின் நடுமேடு குடத்தில் உரசுகிறது என்பவருக்குக் கட்டை வைத்துப் பயனில்லை. கால்வாய்க் கரையில் ஏறும்போது முன் பம்பரோ, அடியில் தொங்கும் ஸ்டெப்னியோ இடிக்கிறது என்பவருக்கு மட்டுமே வண்டியை உயர்த்துவது உதவும்.

பாரம் ஏற்றி ஏற்றிப் பின்புறம் இறங்கிப்போன பழைய வண்டிக்கு உயர்த்தும் வேலையே தேவைப்படாது. பட்டையைக் கழற்றி, உடைந்த பிளேட்டை மாற்றி, தளர்ந்தவற்றுக்கு மறுபடி வளைவு கொடுத்துப் பூட்டினால், இழந்த உயரத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும்.

பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டிகளுக்கு முன்புறத்தில் ஒரு வசதி உண்டு. முன்சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் தண்டுகள் இல்லாததால், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியைப்போல் அந்தத் தண்டுகளின் கோணம் கூடி அவை முறியுமே என்று அஞ்சவேண்டியதில்லை. எனினும், இரு முன்சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பாக இருந்தால், 2 அங்குலத்தைத் தாண்டும்போது சக்கரத்தைப் பிடித்திருக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் அதன் எல்லைக் கோணத்தை நெருங்கிவிடும். எவ்வளவு உயர்த்தினாலும் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து கம்பி தெரியும்.

பலரும் அறியாத ஒன்றைச் சற்று விரித்துச் சொல்கிறேன். பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சிலிருந்து சாஸியிலுள்ள ஒரு வால்வுக்கு விரல் பருமனில் ஒரு கம்பி போகும். பாரம் ஏறிப் பட்டை அமுங்கும்போது அந்தக் கம்பி வால்வைத் தள்ளிப் பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் தரும். வண்டி காலியாக நிமிர்ந்திருக்கும்போது குறைக்கும். களக்காட்டுப் பக்கமிருந்து வாழைத்தார் ஏற்றும் ஒரு தம்பி, வேறெங்கோ 3 அங்குலக் கட்டை வைத்துவிட்டு, "பிரேக் முன்ன மாதிரி நிக்க மாட்டேங்கு" என்று வந்தார். குனிந்து பார்த்தால், தார் நிறைந்திருந்தும் அந்தக் கம்பி காலி வண்டிக்குரிய நிலையிலேயே நின்றது. உயர்ந்துவிட்ட சாஸியை வைத்து, வண்டியில் பாரமே இல்லை என்று வால்வு கணக்கிட்டிருக்கிறது. கம்பியின் தாங்கியை அதே அளவுக்கு மாற்றிப் பொருத்தி, இழுபட்டு நின்ற பிரேக் ஹோஸையும் மாற்றிய பிறகே வண்டியை அனுப்பினேன். கட்டை வைப்பவர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவே கூடாது. அச்சைப் பட்டையோடு பிணைக்கும் யூ போல்ட்டும் புதிதாகவே இருக்கவேண்டும்.

பணகுடி, காவல்கிணறு வழியே போகிறவர்கள் ஆனி, ஆடிக் காற்றையும் எண்ணவேண்டும். வைக்கோல் ஏற்றிய வண்டி ஏற்கெனவே தலைப்பாரமானது; அதை மேலும் உயர்த்தினால் பக்கக் காற்றில் சாயும் அபாயம் கூடும். திசையன்விளைத் தேரியின் செம்மணலில் புதைகிறவர்களுக்கும் உயரம் தீர்வாகாது. காலி வண்டியில் பின்சக்கரத்தின்மேல் எடையில்லாததே அங்கே குறை. டயர்க் காற்றைச் சற்று இறக்கி, பின்னால் நாலைந்து மூட்டை போட்டால் வண்டி நகரும்.

சட்டமும் உண்டு. பதிவுச் சான்றின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எனவே வேலைக்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டறைக்கு வருமுன், வழக்கமான பாரத்தை ஏற்றி, சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்து, காலியாக ஒருமுறையும் அளந்து, ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். வணக்கம்.