அரிசி மூட்டையும் ஏறும், வேகமும் போகும்

நேயர்களுக்கு வணக்கம். வேகமான கார்களைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கும், ரெண்டு பேருக்கு மேல் இடமில்லாத கார்களில் எனக்கு ஆசையே இல்லை. பின்கதவை மேலே தூக்கி அரிசி மூட்டையை உள்ளே தள்ளுகிறோமே, அந்த ஹேட்ச்பேக்; கூரையைக் கடைசிவரை நீட்டிக்கொண்டுபோன ஸ்டேஷன் வேகன். இந்த வீட்டுக் கார்களுக்கு வேகம் வந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

சைக்கிளில் டபுள்ஸ் வைத்துப் பாலம் ஏறியிருப்பீர்கள். பாதியில் பின்னால் இருப்பவர் இறங்கிக்கொண்டால் என்ன ஆகும்? அதே கால், அதே சைக்கிள். ஆனால் வண்டி பறக்கும். எடை இறங்கிவிட்டது, அவ்வளவுதான். இதை மறந்துவிடாதீர்கள், நான் சுற்றிச் சுற்றி இங்கேதான் வருவேன்.

ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் கம்பெனிப் பொறியாளர்கள் சிலர், ஆரம்பத்தில் மேலிடத்தின் அனுமதி இல்லாமலே, தங்கள் கோல்ஃப் காருக்கு ஒரு முரட்டுத் தம்பியைச் செய்தார்கள். 1975-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு வந்தது கோல்ஃப் ஜிடிஐ. 1.6 லிட்டர் இன்ஜின், 110 குதிரைத்திறன். இன்றைக்கு இது ஒரு பெரிய எண்ணே இல்லை. ஆனால் வண்டியின் எடை எண்ணூற்றுச் சொச்சம் கிலோதான். டபுள்ஸ் இறங்கின சைக்கிள்! மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டியது. 5,000 வண்டி போதும் என்று தொடங்கினார்கள். முதல் தலைமுறையிலேயே நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது.

உள்ளே கட்டம் போட்ட சீட்டுத் துணி, கியர் ராடின் தலையில் ஒரு கோல்ஃப் பந்து. இரண்டும் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண்மணியின் யோசனை. அதற்கு முன் பீங்கானில் சித்திரம் தீட்டியவர் அவர். பந்து யோசனையைப் போகிறபோக்கில்தான் சொன்னாராம். கம்பெனி பிடித்துக்கொண்டது.

சரி, வேகனுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1994, பிரிட்டனின் டூரிங் கார் பந்தயம். கடையில் விற்கிற சாதாரணக் கார்களைப் பந்தயத்துக்கு மாற்றி ஓட்டுவது. மற்றவர்கள் பெரும்பாலும் டிக்கி வைத்த செடான் கார்களோடு நிற்கிறார்கள். வால்வோ கம்பெனி மட்டும் 850 எஸ்டேட்டை இறக்கியது. எஸ்டேட் என்றால் அங்கே ஸ்டேஷன் வேகன்தான். படம் காட்ட வழியில்லை, நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்: செங்கல்லுக்கு நாலு சக்கரம் மாட்டியதுபோல ஒரு வண்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற வண்டி, தரையை உரசிக்கொண்டு வளைவில் சீறி வருகிறது. ஓட்டியவர்கள் ஸ்வீடனின் ரிக்கார்ட் ரிடெல், நெதர்லாந்தின் யான் லாமர்ஸ். எதிராளிகள் கேலி செய்தார்கள். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பந்தயத்துக்கு முன்னால் சும்மா வலம் வருகிற சுற்றில், பின்பக்கத்தில் ஒரு பெரிய பொம்மை நாயை உட்காரவைத்துக்கொண்டு போனார்கள். வீட்டுக் கார் என்று தானே சிரித்தீர்கள், இதோ வீட்டு நாயும் வந்திருக்கிறது!

அந்த வருடம் அந்த வேகன் ஒரு பந்தயத்தையும் ஜெயிக்கவில்லை. அடுத்த வருடமே விதிமுறை மாற, செடானுக்குப் போய்விட்டார்கள். 1998-இல் ரிடெல் சாம்பியன் ஆனதும் செடானில்தான். அதனால் என்ன, ஜெயித்த கார்கள் எத்தனையோ மறந்துபோயின, தோற்ற இந்த வேகனை இன்றைக்கும் பேசுகிறார்கள். நானே பேசிக்கொண்டிருக்கிறேனே.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரெண்டு விரல் காட்டுகிறார்கள், ரெண்டு நிமிடம்தான் பாக்கி. ஆவ்டி ஆர்எஸ்2 என்று பெரிதாக எழுதிக்கொண்டு வந்திருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், 1994-இல் போர்ஷேயும் சேர்ந்து செய்த வேகன். ஐந்து சிலிண்டர், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ, 315 குதிரைத்திறன், நாலு சக்கரத்துக்கும் இழுவை. மணிக்கு 260 கிலோமீட்டருக்கு மேல் போகும், பின்னால் பெட்டி படுக்கையோடு. செய்தது மூவாயிரம்கூட இல்லை.

இப்போதைய கோல்ஃப் ஜிடிஐ? எட்டாம் தலைமுறை 245 குதிரைத்திறனோடு வந்தது. எடையோ 1,400 கிலோவுக்கு மேல். குதிரை கூடக்கூட சைக்கிளில் ஆளும் ஏறிக்கொண்டே... சரி, ஒரு விரல்தான் தெரிகிறது. வணக்கம்.