புரொப்பெல்லர் பிட்ச் செட் பண்றது எப்படி? ரோட்டாக்ஸ் 912, மூணு பிளேடு

[திரையில்: கவுலிங் (இன்ஜின் மூடி) கழட்டின சின்ன விமானம், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை]

வீட்டுல கட்டின விமானம், 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் இன்ஜின், தரையில மட்டும் கோணம் மாத்தக்கூடிய மூணு பிளேடு புரொப்பெல்லர். பிட்ச்னா பிளேடு நிக்கிற கோணம். அதை எத்தனை டிகிரி வைக்கணும்னுதான் எல்லாரும் கேட்பாங்க. மேனுவல்ல இருக்கிற டிகிரி ஆரம்பிக்கிறதுக்குத்தான். அது சரியான்னு சொல்றது ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கிற கணக்கு.

முதல்ல ரெண்டு இக்னிஷன் சுவிட்சும் ஆஃப். பேட்டரியைக் கழட்டிட்டா போதும்னு நினைக்காதீங்க. இந்த இக்னிஷன் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கும். சுவிட்ச் வயர் அறுந்திருந்தா ஆஃப்லயும் உயிரோட இருக்கும். அதனால ஒவ்வொரு சிலிண்டர்லயும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிடுங்க. சுத்தவும் லேசா இருக்கும். சுத்துறது இன்ஜின் ஓடுற திசையில மட்டும். பின்பக்கமா சுத்தினா ஆயில் லைன்ல காத்து ஏறும்.

[திரையில்: பிளேடு மேல டேப் அடையாளம், டிஜிட்டல் ஆங்கிள் கேஜ்]

பிளேடு முறுக்கிக்கிட்டே போறதால, இடம் மாறினா கோணமும் மாறும். மேனுவல் சொல்ற தூரத்தை நுனியிலிருந்து அளந்து, மூணுலயும் டேப் ஒட்டுங்க. கேஜை ஹப் (பிளேடுகளைப் பிடிச்சிருக்கிற நடுப்பகுதி) முகத்துல வச்சு பூஜ்யம் பண்ணுங்க. அளக்கிற பிளேடு எப்பவும் ஒரே பக்கம், கிடைமட்டமா நிக்கணும். நடுவுல யாரும் விமானத்துல சாயக்கூடாது.

பெரும்பாலான தப்பு போல்ட் முடுக்கும்போதுதான் நடக்குது. லூசா இருக்கும்போது சரியா இருந்த கோணம், ஹப் இறுகும்போது நகர்ந்துடும். அதனால டார்க் ரெஞ்சால (முடுக்குற விசையை, அதாவது டார்க்கை, அளந்து காட்டுற ஸ்பேனர்) எதிரெதிர் போல்ட்டா, கொஞ்சம் கொஞ்சமா முடுக்கி, முழு டார்க் வந்த பிறகு மறுபடி அளங்க. பிளேடுகளுக்கு நடுவுல 0.2 டிகிரிக்கு மேல வித்தியாசம் இருந்தா திரும்பவும் தளர்த்துங்க, அலுப்பாத்தான் இருக்கும். விட்டா அதிர்வு வரும். எடை பேலன்ஸ் பண்ணி அதை சரிக்கட்ட முடியாது, ஏன்னா மூணும் காத்தை இழுக்கிற அளவே வேற வேற.

[திரையில்: டேகோமீட்டர், நெருக்கத்தில்]

பிளக்கெல்லாம் திரும்பப் போட்டு, வாலை இறுக்கமா கட்டி, கல் இல்லாத தரையில, காத்து அடங்கின நேரத்துல, ஆயில் 50 டிகிரி செல்சியஸ் தாண்டின பிறகு முழு த்ராட்டில். நின்ன இடத்துல 5300 ஆர்பிஎம் பக்கத்துல வந்தா நல்ல ஆரம்பம். 5200-க்குக் கீழேன்னா பிட்ச் அதிகம்: இன்ஜின் திணறும், டெட்டனேஷன் (சிலிண்டருக்குள்ள எரிபொருள் கட்டுப்பாடில்லாம வெடிக்கிறது) ஆபத்து, டேக்-ஆஃப் ஓட்டம் நீளும். ஒரு டிகிரி குறைச்சா சுமார் 200 முதல் 300 ஆர்பிஎம் ஏறும். அரை அரை டிகிரியா மாத்துங்க.

காக்பிட் டேகோவை (ஆர்பிஎம் காட்டுற மீட்டர்) அப்படியே நம்பாதீங்க, ஆப்டிகல் டேகோவால புரொப்பெல்லரையும் அளங்க. கியர் 2.43-க்கு 1, அதனால இன்ஜின் 5300 ஓடும்போது புரொப்பெல்லர் 2180 காட்டணும். கருவியில பிளேடு எண்ணிக்கை 3-னு வைக்க மறந்தா கணக்கே தப்பிடும்.

வானத்துல வேகம் கூடும்போது பிளேடு மேல சுமை குறையும், ஆர்பிஎம் ஏறும். நேர்மட்டப் பறப்புல முழு த்ராட்டில்ல 5500-க்கும் 5800-க்கும் நடுவுல நின்னா பிட்ச் சரி. 5500-க்கு மேல 5 நிமிஷம்தான் அனுமதி. 5800-ஐத் தாண்டப் பார்த்தா உடனே த்ராட்டிலைக் குறைச்சு, இறங்கி அரை டிகிரி கூட்டுங்க. முதல் பறப்பு முடிஞ்சதும் ஹப் போல்ட் டார்க்கை மறுபடி பார்த்து, போல்ட் தலையில பெயின்ட் கோடு போடுங்க.