முதல் அல்ல, வட்டியே வாட்டுகிறது

நடுவர் அவர்களே, நல்லூரில் கூடியிருக்கும் பெரியோர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

கல்விக் கடன் வாங்கிய மாணவரை வாட்டுவது கடன் தொகையா, வட்டியா என்பது இன்றைய வழக்கு. கட்டணம்தான் கொள்ளை, அதைக் குறைத்தால் வட்டி தானாகச் சிறுக்கும் என்று எதிரணித் தலைவி வாதிட்டார். கட்டணம் அதிகம் என்பதை நானும் மறுக்கவில்லை. அந்தத் தொகையைப் பார்த்துத்தான் பிள்ளை கையெழுத்து வைக்கிறது. வட்டி எங்கே போய் நிற்கும் என்பதை அந்த நாளில் அறிந்தவர் யார்?

கணக்கொன்று போடுகிறேன். 10 இலட்சம் ரூபாய், 15 வீத வட்டி, நான்கு வருடப் படிப்பு. படிக்கும் காலத்தில் எதுவும் கட்ட வேண்டாம் என்பார்கள். பெரிய சலுகை போலத் தோன்றும். கட்டாத வட்டி வருடந்தோறும் முதலோடு சேர்ந்தால், படிப்பு முடியும்போது கடன் 17 இலட்சத்து 49 ஆயிரம். பிள்ளை அதுவரை ஒரு சதமும் உழைக்கவில்லை! இனிப் பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் 28 ஆயிரத்துக்கு மேல் வேண்டும். முடிக்கும்போது கொடுத்த தொகை ஏறக்குறைய 34 இலட்சம். வட்டி இல்லையென்றால் அதே பத்து வருடத்துக்கு மாதம் 8,333 ரூபாய் போதும். இன்னும் கொடியது ஒன்று உண்டு. முதல் மாதத்தில் வட்டிக்கு மட்டுமே 21 ஆயிரத்து 800 ரூபாய் போகிறது. புதிதாக வேலையில் சேர்ந்த பிள்ளை 20 ஆயிரம்தான் கட்ட முடியும் என்று கட்டினால், கட்டக் கட்டக் கடன் வளரும்.

வீதம் மாறும் கடனென்றால் கேட்கவே வேண்டாம். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி, வங்கிகளின் கடன் வட்டிக்கு அடிப்படையான தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. விலைவாசியை அடக்க அது தேவைப்பட்டிருக்கலாம். அதற்காக மாணவர் கூடுதலாக ஒரு பாடம் படித்தாரா? வாங்கிய முதல் அப்படியே இருக்க, வட்டி மட்டும் அவரைக் கேட்காமல் ஏறியது.

யாழ்ப்பாணத்தில் பிள்ளை தனியாகக் கடன்படுவதில்லை. அம்மாவின் தாலிக்கொடி அடைவில் இருக்கும். அக்காவுக்குச் சீதனமாக எழுத வைத்திருந்த காணியின் உறுதி வங்கியில் இருக்கும். பாடசாலையில் படிப்பிக்கும் மாமா பிணை நின்றிருப்பார். தவணை தவறினால் கடிதம் மாமா வீட்டுப் படலைக்கும் வரும். அதன்பின் அந்த இரண்டு வீட்டாரும் கோயிலில் முகம் பார்த்துக் கதைப்பார்களா?

வட்டி இல்லாமல் யார் கடன் கொடுப்பார் என்று கேட்டார்கள். நியூசிலாந்து கொடுக்கிறது: நாட்டிலேயே தங்கியிருப்பவரின் மாணவர் கடனுக்கு 2006 முதல் வட்டி இல்லை. ஸ்காபரோவில் வாழும் நம் உறவுகளைக் கேளுங்கள். கனடா மத்திய அரசு தன் மாணவர் கடனுக்கான வட்டியை 2023 ஏப்ரல் முதல் முற்றாக நீக்கியது. லண்டனில் இருப்பவர்களையும் கேளுங்கள். 2012 முதல் 2023 வரை அங்கே பட்டப்படிப்பில் சேர்ந்த பிள்ளைகளுக்குப் படிக்கும் காலத்திலேயே பணவீக்கத்துக்கு மேல் 3 வீத வட்டி ஓடியது. மாதந்தோறும் சம்பளத்தில் கழித்த பிறகும் நிலுவை கூடுகிறதே என்று அவர்கள் அங்கலாய்க்கிறார்கள்.

அவ்வளவு தூரம் ஏன்? நம் நாட்டிலேயே, உயர்தரத்தில் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதவர்களுக்கு 2017 முதல் வட்டியில்லாக் கடன் உண்டு. வட்டியை அரசு ஏற்கிறது. தெரிவான உள்ளூர் நிறுவனங்களுக்கு மட்டும் அது பொருந்துவதால் வெளியே நிற்பவர்கள் ஏராளம். அவர்களுக்கும் அதை விரிக்க வேண்டும் என்பதே என் அணியின் கோரிக்கை.

யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழமைச் சட்டமான நம் தேசவழமையில் ஒற்றி என்றொரு முறை உண்டு. பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைச்சலை எடுப்பார். முதலைத் திருப்பிக் கொடுத்தால் காணி உரியவரிடம் வந்துவிடும். எத்தனை வருடம் கழிந்தாலும் முதல் அதே முதல்தான். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த வழமையே கடனாளிக்கு அந்த நிம்மதியைக் கொடுத்தது. இன்றைய பிள்ளைக்கு அதுகூட இல்லை.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் கட்டணத்தைப் பற்றி எவ்வளவும் பேசட்டும். இதற்கு மட்டும் விடை சொல்லிவிட்டுப் பேசட்டும்: மாதம் 20 ஆயிரம் கட்டும் அந்தப் பிள்ளையின் கடன் எந்த வருடம் முடியும்?