ஒரே மரம், மூன்று எண்ணெய்

அவையோருக்கு வணக்கம்.

அழைப்பிதழில் 'மணத் தாவரங்கள், மருந்துத் தாவரங்கள்: வேதிக்கூறுகளும் உயிரியல் செயல்பாடும்' என்று நீளமாகப் போட்டுவிட்டார்கள். துளசியில் தொடங்கி வெட்டிவேருக்கு நான் வந்து சேர்வதற்குள் அரங்கம் காலியாகிவிடும். அதனால் ஒரே ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்கிறேன். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கிடக்கிற பட்டைதான். இலங்கையில் கறுவா என்பார்கள். உண்மையான கறுவாவுக்குத் தாயகமும் இலங்கையே.

தென்னிலங்கையில் காலி, மாத்தறை என்ற ஊர்ப் பக்கம் போனால் கறுவாத் தோட்டங்களைப் பார்க்கலாம். மரத்தை ஓங்கி வளர விடமாட்டார்கள். தரையை ஒட்டி வெட்டிவிடுவார்கள். தூரிலிருந்து கொத்தாகக் கொம்புகள் கிளம்பும். மழை பெய்து, பட்டை இலகுவாகக் கழன்று வருகிற பருவத்தில் அந்தக் கொம்புகளை அறுப்பார்கள். மேல்தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு, உள்பட்டையைப் பித்தளைக் கம்பியால் அழுத்தித் தேய்த்து, கத்தியால் கீறி உரிப்பார்கள். உரித்ததை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நிழலில் உலர்த்துவார்கள். கை பழகிய ஆள் செய்தால்தான் சுருள் உடையாமல் வரும். இருப்பதிலேயே சன்னமான சுருளுக்கு 'அல்பா' என்று பெயர், அதற்குத்தான் விலையும் அதிகம். 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது.

இனி வேதியியலுக்கு வருவோம். இந்த மரத்தின் பட்டையை நீராவியில் வடித்தால் வருகிற எண்ணெயில் பாதிக்கு மேல் சின்னமால்டிஹைடு. பிரியாணியில் நீங்கள் முகருகிற பட்டை வாசனை அதுதான். அதே மரத்தின் இலையை வடியுங்கள். பட்டை வாசனை வராது, கிராம்பு வாசனை வரும். ஏனென்றால் இலை எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால். கிராம்பிலும் அதே யூஜினால்தான். வேர்ப்பட்டையை வடித்துப் பாருங்கள்: கற்பூரம்! பூஜை அறையில் ஏற்றுகிறோமே, அதே கற்பூரம் என்கிற வேதிப்பொருள்.

ஒரே விதையில் முளைத்த ஒரே மரம். இலையில் ஒரு சரக்கு, பட்டையில் இன்னொன்று, வேரில் மூன்றாவது. முதல் இரண்டும் பங்காளிகள். ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து பிரிந்து போகிற பாதையில் பிறந்தவை. கற்பூரம் அந்தக் குடும்பமே இல்லை. அது டெர்பீன் வகை, வேறு பாதையில் உருவாவது. எந்தத் திசுவில் எந்த நொதி வேலை செய்கிறதோ அதைப் பொறுத்து மரம் வேறு வேறு சரக்கைத் தயாரிக்கிறது.

ஆகவே யாராவது வந்து "கறுவா எண்ணெய் இந்த வியாதிக்கு நல்லது" என்றால், நான் கேட்கிற முதல் கேள்வி: இலையா, பட்டையா, வேரா? இதற்குப் பதில் இல்லாத இடத்தில் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. யூஜினால் பல்வலியை மரத்துப்போகச் செய்யும். துத்தநாக ஆக்சைடோடு அதைக் குழைத்துப் பல் மருத்துவர்கள் தற்காலிகமாகச் சொத்தையை அடைக்கிறார்கள். சின்னமால்டிஹைடை நேராகத் தோலில் தடவினால் எரியும், சிலருக்கு ஒவ்வாமை வரும். கற்பூரத்தைச் சிறு குழந்தை விழுங்கிவிட்டால் வலிப்பே வரலாம். மூன்றுக்கும் புட்டியில் ஒரே மரத்தின் பெயரை ஒட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

துளசியிலும் இந்தக் கதை உண்டு. ஒரு தோட்டத்துத் துளசியில் யூஜினால் தூக்கலாக இருக்கும், இன்னொரு தோட்டத்தில் மெத்தில் யூஜினால். பார்வைக்கு இரண்டும் துளசிதான். எங்கள் ஆட்கள் இதை வேதிவகை என்பார்கள். அதற்குள் நுழைந்தால் மரத்தை விட்டுவிடுவேன், திரும்பி வருகிறேன்.

சின்னமால்டிஹைடைக் கறுவா எண்ணெயிலிருந்து பிரித்தவர்கள் பிரான்ஸ் நாட்டு வேதியியலர்கள் டூமாவும் பெலிகோவும். ஆண்டு 1834. இருபதே ஆண்டுகளில் அதைச் செயற்கையாகவும் செய்துவிட்டார்கள். இன்றைக்கு எண்ணெயை வாயு குரோமட்டோகிராபிக் கருவியில் செலுத்தினால், ஒரு மணி நேரத்துக்குள் அதில் உள்ள ஐம்பது அறுபது கூறுகளின் பட்டியல் விழுக்காட்டோடு கையில் வந்துவிடும். பட்டியல் எடுப்பது அவ்வளவு எளிதாகிவிட்டது. அதனால் எங்கள் துறையில் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. ஒரு செடியைப் பறி, எண்ணெயை வடி, பட்டியல் போடு, பாக்டீரியா வளர்கிற தட்டில் ஒரு சொட்டு விடு, சுற்றிலும் எத்தனை மில்லிமீட்டருக்கு வளராமல் போயிற்று என்று அளந்து கட்டுரை எழுது. அடுத்த வாரம் அடுத்த செடி. (சிரிப்பு)

சிரிக்கிறீர்கள், ஆனால் அதில் உள்ள ஓட்டையைப் பாருங்கள். தட்டில் இருப்பது அகார் என்கிற நீர் நிறைந்த கூழ். எண்ணெய் நீரில் சரியாகப் பரவாது. எனவே அந்த வட்டத்தின் அகலம் எண்ணெயின் வீரியத்தை மட்டும் காட்டுவதில்லை, அது அகாரில் எவ்வளவு தூரம் பரவியது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. ஒரு செடிக்கு 18 மில்லிமீட்டர், இன்னொன்றுக்கு 12 என்று ஒப்பிட்டு முடிவு கட்டுவது பெரும்பாலும் வீண் வேலை. பாக்டீரியாவை அடக்கத் தேவைப்படும் குறைந்தபட்ச அளவு என்ன என்று திரவத்தில் வைத்துக் கண்டுபிடித்தால், அதில் ஏதோ பொருள் உண்டு.

சரி, வீரியம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். சின்னமால்டிஹைடு பாக்டீரியாவைக் கொல்லும், பூஞ்சையையும் கொல்லும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தட்டில் கொன்றது வயிற்றுக்குள் போய் ரத்தத்தில் ஏறியும் கொல்லுமா? ஆல்டிஹைடை நம் உடம்பு சும்மா விடாது. மளமளவென்று ஆக்சிஜனேற்றம் செய்து சின்னமிக் அமிலமாக்கும். பிறகு அதையும் நறுக்கி பென்சாயிக் அமிலமாக்கி, கிளைசினோடு கட்டி, ஹிப்யூரிக் அமிலமாகச் சிறுநீரில் அனுப்பிவிடும். தட்டில் வீரம் காட்டிய சரக்கு ரத்தத்தில் ஏறக்குறைய இருப்பதே இல்லை. இதைச் சொல்லாமல் 'நோய்க்கிருமிகளை அழிக்கும் பட்டை' என்று தலைப்புப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. உணவு கெடாமல் வைக்க, வாய் கொப்பளிக்கிற மருந்தில் சேர்க்க என்று பேசினால் நியாயம். அங்கே சரக்கு நேராகக் கிருமியின் மேலே படுகிறது.

இப்போது ஒரு சீட்டு வந்திருக்கிறது. எதிர்பார்த்தேன். "சர்க்கரைக்குப் பட்டைத் தண்ணீர் குடிக்கலாமா?"

இந்தப் பேச்சு பரவியதற்கு முக்கியக் காரணம் 2003-இல் வெளியான ஓர் ஆய்வு. பாகிஸ்தானில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 60 பேருக்கு, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை, மீதிப் பேருக்கு நாளொன்றுக்கு 1, 3, 6 கிராம் என்று பட்டைப் பொடி, 40 நாள் கொடுத்தார்கள். பொடி சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை இறங்கியது, கொழுப்பும் இறங்கியது. செய்தி உலகம் சுற்றிவிட்டது. பிறகு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் சிலவற்றில் இறங்கியது, சிலவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து 2012-இல் காக்ரேன் என்கிற மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு, நீரிழிவுக்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது.

இதில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. பாகிஸ்தானில் கொடுத்தது இலங்கைக் கறுவா இல்லை. கேசியா என்கிற சீனப் பட்டை. நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கிற தடிப் பட்டையும் பெரும்பாலும் கேசியா இனங்கள்தான். கேசியாவில் கூமரின் என்ற பொருள் கணிசமாக இருக்கிறது. இலங்கைக் கறுவாவில் பெயருக்குத்தான். கூமரின் அதிகமானால் சிலருக்கு ஈரல் பாதிக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம். கேசியாப் பொடியில் கிலோவுக்குச் சுமார் 3 கிராம் கூமரின் இருக்கும் என்பது ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் சொல்லும் கணக்கு. ஆக 2 கிராம் பொடியிலேயே வரம்பு முடிந்துவிடும். தினமும் ஒரு தேக்கரண்டி என்று மாதக்கணக்கில் முழுங்குகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

"அப்படியானால் இலங்கைக் கறுவாவே வாங்கிவிடுகிறேன்" என்பீர்கள். தாராளமாக வாங்குங்கள், ஈரலுக்கு அது பத்திரம். ஆனால் சர்க்கரை இறங்கியதாகச் சொன்ன அந்த ஆய்வு அந்தப் பட்டையில் நடந்ததில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஒன்றின் பலனையும் இன்னொன்றின் பாதுகாப்பையும் சேர்த்து ஒரே புட்டியில் விற்கிறார்கள், அதுதான் எனக்குக் கோபம்.

பிரியாணிக்கும் குருமாவுக்கும் போடுகிற ஒரு துண்டுக்கு யாரும் பயப்பட வேண்டாம். தினசரி பொடி சாப்பிடுகிறவர்கள், முக்கியமாக ஈரல் கோளாறு உள்ளவர்களும் சர்க்கரை மாத்திரை எடுக்கிறவர்களும், மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். கடையில் வாங்கும்போது துண்டாக வாங்குங்கள். காகிதம் போல மெலிந்த பல அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு, விரலால் அழுத்தினாலே நொறுங்கினால் அது கறுவா. ஒரே தடித்த பட்டை இரு ஓரமும் உள்பக்கம் மடங்கி, உடைக்க முடியாமல் கெட்டியாக இருந்தால் கேசியா. பொடியாக்கிப் பொட்டலம் கட்டிவிட்டால் கண்ணால் பார்த்து என்னாலும் சொல்ல முடியாது. சோதனைக்கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

அடுத்த சீட்டு நிலவேம்பைப் பற்றி. அதற்கு இன்னொரு மாலை வேண்டும். நன்றி, வணக்கம்.