கராஜுக்கு வெளியே நின்ற கார்

வணக்கம் நேயர்களே. இத்தாலியைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது, அவர்கள் மனதில் ரோமும் வெனிஸும் இருந்திருக்கும். அந்த இரண்டு ஊரையும் நான் தலா ஒரு நாள், கால் வலிக்க வலிக்கச் சுற்றிப் பார்த்ததோடு சரி. எனக்குத் தெரிந்த இத்தாலி வேறு. நாட்டின் நடுவில், கடல் தொடாத உம்பிரியா என்று ஒரு மாநிலம். அதில் சுபாசியோ மலையின் சரிவில் ஸ்பெல்லோ என்று ஓர் ஊர். என் மகள் பெருஜியாவில் ஆராய்ச்சிப் படிப்புப் படித்த காலத்தில், அங்கேதான் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தாள். ரயிலில் போய் வருவாள். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற நான், அவளுக்குச் சமைத்துப் போடுகிறேன் என்ற சாக்கில், இரண்டு வருஷம் மார்ச் முதல் ஜூன் வரை அங்கே போய் உட்கார்ந்துகொண்டேன்.

முதல் வருஷம் மார்ச்சில் போய் இறங்கியபோது ஊரில் ஆள் இருப்பதாகவே தெரியவில்லை. கல் வீடு, கல் படி, கல் தெரு. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. விறகடுப்புப் புகை மட்டும் கூரைமேல் எழுந்துகொண்டிருந்தது. பத்து நாள் போயிருக்கும். ஒரு காலை எங்கள் சந்தில், எதிர்வீட்டு வாசலில், ஒரு நாற்காலி வந்து உட்கார்ந்திருந்தது. நாற்காலி மட்டும்தான், ஆள் இல்லை. மறுநாள் அதில் எதிர்வீட்டுப் பாட்டி, மடியில் ஒரு கிண்ணம் பட்டாணியோடு. அதற்கடுத்த வாரம் சந்தில் ஐந்து நாற்காலி. வசந்தம் வந்துவிட்டது என்று எனக்கு எந்தப் பூவும் சொல்லவில்லை, அந்த நாற்காலிதான் சொன்னது. பாட்டியை நான் சிஞ்ஞோரா என்பேன். நான் வாத்தியார் வேலை பார்த்தவள் என்று தெரிந்த அன்றிலிருந்து அவர் என்னைப் புரொஃபெஸ்ஸொரெஸ்ஸா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பேராசிரியை என்று அர்த்தம். நான் செய்கிற தப்பு ஒவ்வொன்றையும் அந்தப் பட்டத்தோடு சேர்த்தே சொல்லிக்காட்டுவார்.

மலைச்சரிவு முழுக்க ஒலிவ மரங்கள். அசிசியிலிருந்து ஸ்பொலேத்தோ வரை நீளும் இந்தத் தோப்புகளை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2018-இல் உலக வேளாண் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. மார்ச்சில் அங்கே கவாத்து வேலை நடக்கும். ஏணி சாய்த்து ஏறி, மரத்தின் நடுவைத் திறந்துவிடுவார்கள், ஒரு பூச்சாடி மாதிரி. எவ்வளவு வெட்டவேண்டும் என்பதற்கு அவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: தகைவிலான் குருவி சிறகு உரசாமல் கிளைகளுக்குள் புகுந்து வெளியே போகவேண்டும். வெளிச்சமும் காற்றும் உள்ளே புகவேண்டும் என்பதை வகுப்பில் நான் அரைமணி நேரம் விளக்கியிருப்பேன்.

ஏப்ரல் பிறந்ததும் ஊரே குனிந்துகொண்டு நடக்கும். ஒரு கையில் கம்பு, மறு கையில் துணிப்பை, பார்வை தரையில். எதையோ தொலைத்துவிட்டார்களோ என்று நினைத்தேன். தேடுவது காட்டு அஸ்பாரகஸ். கடையில் கட்டுக்கட்டாக விற்கிற தடித்த தண்டு இல்லை இது. பென்சிலைவிட மெல்லிசு, கரும்பச்சை, கொஞ்சம் கசக்கும். நம் தண்ணீர்விட்டான் கொடியைப் பார்த்தவர்களுக்கு அடையாளம் சொல்வது சுலபம், இரண்டும் ஒரே பேரினம். பழைய கொடி முழுக்க முள். முதலில் அந்த முள்புதரைக் கண்டுபிடிக்கவேண்டும். அப்புறம் அதைச் சுற்றி ஓர் அடி, இரண்டு அடி தள்ளி, புல்லோடு புல்லாக நிற்கிற தளிரைக் கண்டுபிடிக்கவேண்டும். கத்தி வேண்டாம். நுனியைப் பிடித்து வளைத்தால், இளசான இடத்தில் தானே ஒடியும். அன்று இரவு முட்டையோடு சேர்த்து அடை மாதிரி ஊற்றிச் சாப்பிடுவார்கள். எங்கே பறித்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. "அந்தப் பக்கம்" என்று மலை முழுவதையும் ஒரு கையால் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

எனக்கு வாய்த்த பாதை ஸ்பெல்லோவிலிருந்து கொல்லெப்பினோ என்கிற மேட்டுக் கிராமத்துக்குப் போவது. ரோமானியர் காலத்து நீர்க்கால்வாயை ஒட்டியே போகும். தண்ணீர் இறங்கி வந்த வழி என்பதால் ஏற்றம் ஒரே சீராக இருக்கும், முட்டிவலிக்காரிக்கு என்றே போட்டதுபோல. அதைத் தாண்டி மேலே மலைக்குப் போகிற பாதைகளில் பாறையிலும் மரத்திலும் சிவப்பு வெள்ளைக் கோடு தீட்டியிருக்கும். 1863-இல் தொடங்கிய இத்தாலிய மலையேற்றச் சங்கத்தின் அடையாளம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் எழுபது வயதுக்காரர்கள் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கூட்டமாகப் பேசிக்கொண்டே போவார்கள். நான் கொல்லெப்பினோவோடு திரும்பிவிடுவேன்.

ஈஸ்டருக்கு முன்னால் வீடு கழுவும் படலம். பங்குச் சாமியார் வீடு வீடாக வந்து மந்திரிப்பார். அவர் வருவதற்குள் ஜன்னல் கண்ணாடி முதல் அலமாரியின் பின்புறம் வரை துடைத்தாக வேண்டும், சாமியார் அலமாரிக்குப் பின்னால் எட்டிப்பார்க்கப் போவதில்லை என்றாலும். ஈஸ்டர் காலையில் பாலாடைக்கட்டி போட்டுப் பொங்கிய உயரமான ரொட்டி, அவித்த முட்டை, உப்பிட்ட பன்றி இறைச்சி. அவர்கள் பேச்சில் ஒரு சொலவடை உண்டு: கிறிஸ்துமஸ் சொந்தத்தோடு, ஈஸ்டர் இஷ்டப்பட்டவர்களோடு. மறுநாள் திங்கட்கிழமை விடுமுறை, பாஸ்குவெத்தா. நாடே சோறு கட்டிக்கொண்டு புல்வெளிக்குப் போய்விடும். திராசிமேனோ ஏரிக்கு மேலே இருக்கிற பானிக்காலே ஊரில் அன்று ஒரு பந்தயம். முற்றிக் காய்ந்த பாலாடைக்கட்டிச் சக்கரத்தில் தோல் வாரைச் சுற்றி, பம்பரம் விடுவதுபோல் சுண்டித் தெருவில் உருட்டுவார்கள். யார் குறைந்த வீச்சில் ஊர் மதிலைச் சுற்றி முடிக்கிறாரோ அவர் வென்றவர். சக்கரம் சாக்கடைக்குள் விழுந்தால் அங்கிருந்தேதான் அடுத்த வீச்சு. பார்க்கிற கிழவர்கள் எல்லோரும் முன்னாள் வீரர்கள், எல்லோரிடமும் ஆலோசனை இருக்கும்.

ஏப்ரல் 25, 1945-ஆம் வருஷம் நாஜிகளின் பிடியிலிருந்து கிடைத்த விடுதலையின் நினைவு நாள். கொல்லெப்பினோ மாதிரிச் சின்ன ஊர்களில்கூடப் போரில் இறந்தவர்களின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருப்பார்கள். அப்படி ஒரு கல்லின் முன்னால் மாலை வைத்துவிட்டு நாலு பேர் நின்றார்கள். நானும் நின்று படித்தேன். ஒரே குடும்பப்பெயர் மூன்று தரம், இன்னொன்று நாலு தரம். இன்றைக்கு அந்த ஊரில் குளிர்காலத்தில் இருக்கிறவர்களைவிட அந்தப் பட்டியல் நீளமோ என்று தோன்றியது. இத்தாலியில் ஊராட்சிகள் ஏறக்குறைய 7,900. அவற்றில் பத்துக்கு ஏழு, ஐயாயிரம் பேர்கூட இல்லாதவை. பிள்ளைகள் ரோமுக்கும் மிலானுக்கும் போய்விட்டார்கள்.

சரி, அடுத்தது ஒரு பாம்புத் திருவிழா. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். மே 1 அன்று, மகளின் சிநேகிதி கார் ஓட்ட, விடியுமுன் கிளம்பி அப்ருட்சோ மாநிலத்தில் கொக்குல்லோ என்ற ஊருக்குப் போனோம். கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் வாக்கில் இருக்கிறது. மொத்தமே 200 சொச்சம் பேர். அன்றைக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம். அந்த ஊர்க் காவல் புனிதர் சான் தொமேனிக்கோ, 1031-இல் இறந்த துறவி. பாம்புக்கடிக்கும் பல்வலிக்கும் அவரிடம்தான் வேண்டிக்கொள்வார்கள். அவருடைய பல் ஒன்று கோயிலில் இருக்கிறது. கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே அந்தப் பக்கத்து மார்சி இனத்தார் பாம்பாட்டிகள் என்று பெயர் வாங்கியவர்கள். அங்கித்சியா என்ற பாம்புத் தேவதையை வணங்கினார்கள்.

கோயிலுக்குள் ஒரு சின்ன மணி. அதன் கயிற்றைக் கையால் இழுக்கக் கூடாது, பல்லால் கடித்து இழுக்கவேண்டும். அப்படிச் செய்தால் வருஷம் முழுக்கப் பல்வலி வராது. வரிசையில் நின்றேன். என் முன்பற்கள் இரண்டும் கட்டியவை. ஒரு மணியடிப்புக்காக அவற்றைப் புனிதருக்குக் காணிக்கையாக்க மனம் வரவில்லை. ஓரப்பல்லால் கடித்து இழுத்தேன். மணி அடித்தது. அப்புறம் எல்லோரும் போகிற பக்கம் போனால், சிலைக்குப் பின்புறம் ஒரு குகை. அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய் வயலில் தூவினால் பூச்சி அண்டாதாம்.

வெளியே சதுக்கத்தில் செர்ப்பாரிகள், அதாவது பாம்புபிடிகாரர்கள். தாடி வைத்த பெரியவர்கள் என்று கற்பனை செய்துகொண்டு போயிருந்தேன். ஜீன்ஸ் போட்ட பையன்கள், காதில் தோடு போட்ட பெண்கள், ஒரு எட்டு வயதுச் சிறுமி. பனி உருகுகிற மார்ச் கடைசியிலிருந்தே இவர்கள் மலையில் அலைகிறார்கள். குளிர்த்தூக்கம் கலைந்து கல்லின்மேல் வெயில் காய வருகிற பாம்பை வெறும் கையால் பிடிப்பார்கள். எல்லாம் விஷமில்லாதவை. அதில் பெரியது செர்வோனே, உடம்பில் நாலு கருங்கோடு ஓடும், ஓர் ஆள் உயரம்கூட இருக்கும். மாட்டு மடியில் பால் குடிக்கும் என்று அதன்மேல் ஒரு பழி. நம்மூர்ச் சாரைப்பாம்பின் மேலும் அதே பழிதான். பாவம், இரண்டுமே பால் குடிப்பதில்லை. ஒரு மூலையில் மேஜை போட்டு விலங்கியல் ஆட்கள் ஒவ்வொரு பாம்பையும் நிறுத்து, அளந்து, குறித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிறுமி என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை, கொள்ளவில்லை, தன் பாம்பை எடுத்து என் முழங்கையில் வைத்துவிட்டாள். சில்லென்று வழவழக்கும் என்று நினைத்திருந்தேன். காய்ந்து, மாலைவெயில் பட்ட கல் மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. அது மெதுவாக என் கைக்கடிகாரத்தைச் சுற்றிக்கொண்டு நின்றபோது எனக்கு நடுக்கம் வந்திருக்கவேண்டும், ஏனோ வரவில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்குச் சிலை வெளியே வந்தது. செர்ப்பாரிகள் தங்கள் பாம்புகளை ஒவ்வொன்றாக அதன் தோளில் போட்டார்கள். மாலை போடுவதுபோல்தான், ஆனால் இந்த மாலை நகரும். புனிதரின் தலையைச் சுற்றினால் நல்ல வருஷம் என்பது பழைய நம்பிக்கை. வாத்தியக்கோஷ்டி முன்னால் போக, பல்லக்கு மாதிரித் தூக்கிக்கொண்டு சந்துகளில் இறங்கினார்கள். முன்னால் தூக்கியவரின் காதுப்பக்கம் ஒரு பாம்பு தலையை நீட்டியது. அவர் வியர்வையைத் துடைப்பதுபோல அதைப் புறங்கையால் மறுபக்கம் திருப்பிவிட்டு நடந்தார். விழா முடிந்ததும் எந்தப் பாம்பை எங்கே பிடித்தார்களோ, அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

மே 15-இல் உம்பிரியாவிலேயே குப்பியோ என்ற ஊரில் ஓர் ஓட்டம் நடக்கும். ஆளுக்கு மூன்று பங்கு உயரமும் ஏறக்குறைய 300 கிலோ எடையும் உள்ள மூன்று மரத்தூண்கள், உச்சியில் ஒவ்வொரு புனிதர். தோளில் வைத்துக்கொண்டு இஞ்சீனோ மலைமேல் இருக்கிற கோயிலுக்கு ஓடுகிறார்கள். முதலில் சான் உபால்தோ, அடுத்து சான் ஜோர்ஜோ, கடைசியில் சாந்த் அந்தோனியோ. வருஷா வருஷம் அதே வரிசை, முந்தக் கூடாது. முடிவு தெரிந்த பந்தயத்துக்கு ஒரு ஊரே தொண்டை கிழியக் கத்துகிறது. கூட்டத்துக்குப் பயந்து நான் நேரில் போகவில்லை. ஸ்பெல்லோ காப்பிக்கடை டி.வி.யில்தான் பார்த்தேன். ஆகையால் அதைப் பற்றி அதிகம் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

எங்கள் சந்துக்கே திரும்புகிறேன். மே மாதம் ஒரு நாள் சிஞ்ஞோராவின் மகனுடைய கார், கராஜை விட்டு வெளியே வந்து சுவரோரம் நின்றது. மறுநாளும் நின்றது. அதன் கூரையில் தகைவிலான் எச்சம் போட ஆரம்பித்த பிறகுதான் விசாரித்தேன். கராஜுக்குள் பூ, புரொஃபெஸ்ஸொரெஸ்ஸா, என்றார் சிஞ்ஞோரா.

திருவுடல் பெருவிழா தெரியும் அல்லவா? கிறிஸ்துவின் உடலாகக் கத்தோலிக்கர்கள் வணங்கும் நற்கருணை அப்பத்துக்கான விழா. 1264-இல் நான்காம் உர்பான் என்ற பாப்பரசர் உம்பிரியாவின் ஒர்வியேத்தோவிலிருந்துதான் அதைத் திருச்சபை முழுமைக்கும் விதித்தார். ஈஸ்டர் கழிந்து ஒன்பதாவது ஞாயிறு இத்தாலியில் அந்த விழா. ஸ்பெல்லோவில் அன்று தெருவெல்லாம் பூக்கோலம், ஒன்றரை கிலோமீட்டருக்கு. செடியிலிருந்து வந்ததை மட்டும்தான் போடலாம், சாயம் கூடாது. நீலத்துக்குத் தானிய வயலில் வளர்கிற கார்ன்ஃபிளவர், மஞ்சளுக்கு மலைச்சரிவின் ஜினெஸ்திராப் புதர், பச்சைக்குக் காட்டுச் சோம்பு இலை, சிவப்புக்குக் கசகசா இனத்துப் பாப்பி. காய்ந்தது வேண்டும் என்றால் வாரக்கணக்கில் நிழலில் உலர்த்திச் சலிக்கவேண்டும்.

கராஜுக்குள் எட்டுப் பாட்டிமார், பிளாஸ்டிக் நாற்காலி, அட்டைப்பெட்டிகள். காய்ந்த வைக்கோலும் தேனும் கலந்ததுபோல ஒரு வாசனை. இதழ் பிரிக்கும் வேலைக்கு என்னையும் உட்காரவைத்தார்கள். நான் ஒவ்வொரு இதழாகப் பிடுங்கினேன், ஒன்றிரண்டில் பச்சைக் காம்பும் கூட வந்தது. சிஞ்ஞோரா என் தட்டை வாங்கிப் பார்த்தார். ஒரு டெய்சிப் பூவை எடுத்தார், ஐந்து விரலைக் குவித்து ஒரே கிள்ளு. வெள்ளை இதழ் அத்தனையும் அவர் கையில், மஞ்சள் கண் மட்டும் காம்பில். "பல்கலைக்கழகத்தில் இது இல்லையா, புரொஃபெஸ்ஸொரெஸ்ஸா?" எட்டுப் பேரும் சிரித்தார்கள். அப்புறம் மூன்று வாரம் தினம் சாயங்காலம் அங்கேதான். கேஸ் பில், யார் வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது, யார் மகன் மிலானிலிருந்து வருகிறான், எல்லாம் அந்த இதழ்களோடு பிரிந்து விழும். மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒருவர், அதே மருமகளோடு எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் வந்து பார்த்துப்போவது அந்த ஒரு ஞாயிறு. எனக்கு விழா என்றால் அந்தக் கராஜ்தான்.

சனிக்கிழமை இரவு முழுக்கத் தெருவில் விளக்கு, காற்றுக்குக் கூடாரம். வெளியூர் போன பிள்ளைகள் எல்லாம் முட்டி போட்டுக் குனிந்திருந்தார்கள். எனக்குக் கொடுத்தது ஓரத்தில் பச்சைக் கரை. விடியற்காலை மூன்று மணிக்குக் கை விறைத்துப்போய் சோம்பு வாசனையோடு வீட்டுக்கு வந்தேன்.

காலையில் ஆயர் நற்கருணையோடு அதன்மேல் நடந்து வந்தார். பின்னால் ஊர் நடந்து வந்தது. வாசல் கோலத்தின்மேல் பேப்பர் பையன் சைக்கிளை உருட்டிப் போவதைத் தினம் பார்த்தவள்தான் நான். ஆனாலும் என் பச்சைக் கரைமேல் முதல் செருப்பு விழுந்தபோது மனசு கேட்கவில்லை. சிஞ்ஞோராவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கோலத்தைப் பார்க்கவே இல்லை. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று கூட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நகராட்சி வண்டி வந்து கூட்டி அள்ளிப்போனது. மறுநாள் காலை காப்பி போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்தேன். சந்தில் ஐந்து நாற்காலியும் இருந்தன. சுவரோரம் கார் இல்லை, கராஜ் கதவு சாத்தியிருந்தது.