ஆய்த எழுத்துக்கு வீடு இல்லையா?

நேயர்களுக்கு வணக்கம். கேள்வி கேட்பதைப் பற்றிப் பேச முடியுமா என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கேட்டார். முப்பது வருடம் தமிழாசிரியராகக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவள் நான். உடனே சரி என்றேன். வீட்டுக்குப் போன பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. அத்தனை வருடத்தில் எனக்கே விடை தெரியாத கேள்வியை மாணவர்களிடம் எத்தனை முறை கேட்டிருப்பேன்? எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல்களே போதுமாக இருந்தன.

ஒரு நாள் தொடக்கநிலை நான்கில் எழுத்துகளை மீள்பார்வை செய்துகொண்டிருந்தேன். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. கூட்டினால் 247. பின்வரிசைப் பையன் ஒருவன் கை தூக்கினான். "டீச்சர், ஆய்தம் உயிரும் இல்ல, மெய்யும் இல்ல. அப்ப அதுக்கு வீடே இல்லையா?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "அதெல்லாம் தேர்வில் வராதுப்பா" என்றேன்.

விடை தெரியாமல் இல்லை. ஆய்தம் ஒரு சார்பெழுத்து, தனியாக நிற்காது. முன்னால் ஒரு குறில், பின்னால் ஒரு வல்லின உயிர்மெய், இரண்டுக்கும் நடுவில்தான் குடியிருக்கும். அஃது, எஃகு என்று சொல்லிப் பாருங்கள். வீடு என்று அவன் சொன்ன சொல்லை வைத்தே விளக்கியிருக்கலாம். இரண்டு நிமிடம் பிடித்திருக்கும். அந்த ஆண்டு முடியும்வரை அவன் மறுபடி கை தூக்கியதாக எனக்கு நினைவில்லை.

நம் இலக்கணக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் நன்னூலில் கேள்விகளை ஆறாகப் பிரித்து வைத்தார். விடை தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா. தெரியாமல் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று கேட்பது ஐய வினா. பொருளை வாங்கக் கேட்பது கொளல் வினா, சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் "முருங்கைக்காய் இருக்கா அண்ணே?" என்கிறோமே, அது. கொடுப்பதற்காகக் கேட்பது கொடை வினா. ஒரு வேலையைச் செய்யச் சொல்லிக் கேட்பது ஏவல் வினா. இதை நான் வருடாவருடம் நடத்தினேன், தேர்விலும் கேட்டேன். ஆனால் என் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் முதல் வகைதான் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அறிவினா தவறு என்று சொல்ல வரவில்லை. வகுப்பறைக்கு அது வேண்டும். ஆனால் அதைக் கேட்டுவிட்டு நாம் காத்திருப்பதில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவுக்குத்தான் பொறுத்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் வேறு பிள்ளையைக் கேட்டார்கள், அல்லது தாங்களே சொல்லிவிட்டார்கள். அதையே மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீளமாயின. வழக்கமாக வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். பிள்ளைகள் திருப்பிக் கேட்கும் கேள்விகளும் கூடின.

மூன்று விநாடி என்ன பெரிய நேரம் என்று தோன்றும். இப்போது நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருக்கப்போகிறேன்.

(மூன்று விநாடி மௌனம்)

வானொலி கெட்டுப்போய்விட்டதோ என்று யாராவது பொத்தானைத் திருகியிருப்பீர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒலிப்பதிவாளர் தம்பியின் முகத்தை நீங்கள் பார்க்க முடியாது, நான் பார்த்தேன்.

வீட்டில் நாம் கேட்பது இன்னொரு வகை. "வீட்டுப்பாடம் முடிச்சாச்சா?" இது கேள்வி மாதிரி இருக்கும். பிள்ளையின் காதில் "போய் உட்கார்ந்து செய்" என்றுதான் விழும். பச்சை ஏவல் வினா. "இன்னிக்கு ஸ்கூல் எப்படி?" என்றால் "ஓகே" என்று வரும். அந்த ஓகேயைக் கேட்காத சிங்கப்பூர்ப் பெற்றோர் உண்டா? தப்பு பிள்ளைமேல் மட்டும் இல்லை. கேட்கும்போதே நம் கை சமையலில் இருக்கிறது, கண் கைப்பேசியில் இருக்கிறது.

ஓய்வு பெற்றபின் ஒரு குடும்பச் சேவை நிலையத்தில் தொண்டூழியம் செய்ய விரும்பி, ஆலோசனைப் பயிற்சிக்குப் போனேன். பேசத் தெரிந்தவள், சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். முதல் நாள் நடிப்புப் பயிற்சி. என்னோடு பயின்ற ஒருவர் மகனோடு சண்டை போட்ட அப்பாவாக நடித்தார். நான் வரிசையாகக் கேட்டேன். ஏன் கோபப்பட்டீர்கள்? மகன் என்ன வேலை பார்க்கிறார்? முன்னாலேயே பேசியிருக்கலாமே? ஐந்தாவது கேள்வியில் அவர் நடிப்பை விட்டுவிட்டார். "என்னம்மா, போலீஸ் ஸ்டேஷன்ல உட்கார வச்ச மாதிரி இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே சுருக்கென்றது.

அங்கே கற்றுக்கொண்டதில் முக்கியமானது இது: "ஏன்" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் வழக்காடத் தயாராகிவிடுவார். அதையே "அப்போது என்ன நடந்தது?" என்று கேட்டால் நடந்ததைச் சொல்லத் தொடங்குவார். "முன்னாலேயே பேசியிருக்கலாமே" என்பது கேள்வியே இல்லை. வால் முளைத்த புத்திமதி. ஆமாம், இல்லை என்று முடிந்துபோகும் கேள்விகளுக்கும் இடம் உண்டு, ஆனால் அவற்றை அடுக்கினால் விசாரணை ஆகிவிடும்.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். மனம் நொந்து, இருந்து என்ன பயன் என்கிறமாதிரி ஒருவர் பேசினால், "தற்கொலை செய்துகொள்ளத் தோன்றுகிறதா?" என்று கேட்டுவிட வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று நம் ஆட்களுக்குப் பயம். எனக்கும் இருந்தது. அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கேட்டதே பலருக்கு ஆறுதலாக இருக்கிறது. தற்கொலை முயற்சி 2020 ஜனவரி முதல் சிங்கப்பூரில் குற்றமும் இல்லை, அதனால் சொன்னால் போலீஸ் பிடிக்குமோ என்று யாரும் மறைக்க வேண்டியதில்லை. உங்களுக்கோ தெரிந்தவருக்கோ தேவைப்பட்டால் 1767 என்ற எண்ணில் எஸ்ஓஎஸ் என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பை எந்நேரமும் அழைக்கலாம்.

ஐய வினாவை விட்டுவிட்டேனே. அதை நாம் அன்றாடம் கேட்கிறோம். கோப்பிக்கடையில், கோயில் வரிசையில், அடுக்குமாடி புளோக்கின் கீழே புதிதாக ஒரு தமிழரைப் பார்த்தால் இரண்டாவது வாக்கியமே, "நீங்க லோக்கலா, இந்தியாவா?" கேட்பவருக்கு அது வெறும் பேச்சுத் தொடக்கம். பதில் சொல்பவருக்கு, தன்னை எந்தப் பெட்டியில் போடப்போகிறார்கள் என்ற கணக்கு. நானும் கேட்டிருக்கிறேன். இப்போது "இந்தப் பேட்டைக்கு வந்து எவ்வளவு நாளாச்சு?" என்று மாற்றிவிட்டேன். அதற்குச் சிலர் அரை மணி நேரம் பதில் சொல்கிறார்கள். கோப்பி ஆறிப்போகிறது, பரவாயில்லை.

போன வாரம் பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்தேன். இந்த உரைக்காக யோசித்துக்கொண்டிருந்த நேரம். அன்று எதுவும் கேட்பதில்லை, அவளாகப் பேசட்டும் என்று முடிவு செய்து பேருந்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு நிறுத்தம் போனது. இரண்டு நிறுத்தம் போனது. மூன்றாவதில் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பாட்டி, என்மேல கோவமா?"