எஸ்டர் சுரங்கத்து 21 பேர்

நேயர்களுக்கு வணக்கம். சுரங்க ஊர்களின் கதை என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பித்து. அதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட ஊர் நீ-ஓலெசுன். நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகளில், வட துருவத்துக்கு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. அக்டோபர் கடைசியில் மறையும் சூரியனைப் பிப்ரவரி வரை பார்க்க முடியாது. குளிர்காலத்தில் அங்கே தங்குபவர்கள் நாற்பது பேருக்குள்தான். நம் ஊரில் ஒரு தெருவில்கூட அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். கதவுகளைப் பூட்டுவதில்லை. பனிக்கரடி வந்தால் யாரும் எந்த வீட்டுக்குள்ளும் ஓடி நுழைய வேண்டுமே!

1916-இல் கிங்ஸ் பே என்ற கம்பெனி நிலக்கரிக்காகத் தொடங்கிய ஊர் இது. 1926 மே மாதம் துருவப் பயணி அமுண்ட்சென் குழுவினர் நார்கே என்ற ஆகாயக் கப்பலில் இங்கிருந்து கிளம்பி, துருவத்துக்கு மேலே பறந்து அலாஸ்கா போனார்கள். கப்பலைக் கட்டிவைத்த இரும்புக் கோபுரம் இன்றும் நிற்கிறது. வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சரி, எடுக்கட்டும். ஆனால் நான் சொல்ல வந்தது 21 பேரின் கதை.

1962 நவம்பர் 5. எஸ்டர் என்ற சுரங்கத்தில் வெடிப்பு. நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயுவும், காற்றில் பறக்கும் கரித்தூளும் சுரங்கத் தொழிலாளிக்கு எமன். அன்றைக்கு உள்ளே இருந்த 21 பேர் மாண்டார்கள். சிலருடைய உடலை வெளியே கொண்டுவரவே முடியவில்லை. அவர்கள் இன்னும் அந்த மலைக்குள்தான் இருக்கிறார்கள். அந்த ஊரில் இது முதல் விபத்தும் அல்ல. முன்பும் பலர் செத்திருக்கிறார்கள்.

சுரங்கம் யாருடையது? அரசாங்கத்துடையது. விசாரணைக் குழு பாதுகாப்புக் குறைபாடுகளை எடுத்துச் சொன்னதும் நார்வே நாடாளுமன்றம் கொந்தளித்தது. 1963 ஆகஸ்டில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறி, பிரதமர் கெர்ஹார்ட்சனின் அரசு கவிழ்ந்தது. அடுத்து வந்த அரசு ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. கெர்ஹார்ட்சனே திரும்பி வந்தார். அது வேறு கதை. ஆனாலும், நேயர்களே, நினைத்துப் பாருங்கள்: உலகத்தின் கோடியில், இருட்டில் கரி வெட்டிய 21 பேருக்காகத் தலைநகரில் ஒரு அரசு பதில் சொல்ல வேண்டியிருந்தது. 21 பேருக்காக! சுரங்க ஊர்களின் கதையில் இப்படி எத்தனை முறை நடந்திருக்கிறது?

அப்புறம் அங்கே யாரும் கரி வெட்டவில்லை. கரி இழுத்த குட்டி ரயில் எஞ்சின் மட்டும் காட்சிக்கு நிற்கிறது. இப்போது அது விஞ்ஞானிகளின் ஊர். விண்வெளியிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞைகளைக் கேட்கும் ஆண்டெனா இருப்பதால், அங்கே செல்பேசியின் வைஃபையைக்கூட அணைத்துவைக்க வேண்டும்.

நேரம் ஆகிவிட்டதென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். 2008-இலிருந்து அது அந்த ஊரில்தான் இயங்குகிறது. 2014-இல் பக்கத்துக் கடலுக்குள் இறக்கிய இண்ட்ஆர்க் என்ற கருவித் தொகுதியை உருவாக்கியதில் நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. வணக்கம்.